எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்: நெல்லைச் சீமையில் பழைய கார் தேடுபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். ஸ்டார்ட் பண்ணி, சத்தம் கேட்டு, புகை பார்த்து, அதிலேயே பாதி முடிவு எடுத்துவிடுவார்கள். புரோக்கரும் அதற்குத் தயாராகவே வந்திருப்பார்: "மெஷின் அப்படியே கம்பெனி கண்டிஷன் அண்ணாச்சி, பாடியிலதான் லேசா பட்டி வேலை கெடக்கு."

இந்த வரிசை தலைகீழ். எஞ்சினை நம் பக்கத்திலேயே திரும்பக் கட்டிவிடலாம். சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்திருந்தால் ரீ-போர், கிராங்க் தண்டு தேய்ந்திருந்தால் கிரைண்டிங், பிஸ்டன் கிடைக்காவிட்டால் அளவு ஒத்துவரும் வேறொன்று. திருநெல்வேலியில் முடியாதது மதுரையில் முடியும், மதுரையில் முடியாதது கோவையில் முடியும். ஆனால் தொலைந்த ஆர்சி புத்தகத்தை எந்த லேத்திலும் கடைந்தெடுக்க முடியாது. துரு தின்ற சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்), எங்கும் கிடைக்காத டெயில் லேம்ப் கண்ணாடியும் அப்படித்தான். ஆகவே பார்க்க வேண்டிய வரிசை இது: காகிதம், தகரம், கிடைக்காத சாமான்கள், அப்புறம்தான் எஞ்சின். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையிலேயே போகிறது.

எந்த வண்டி?

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் நல்ல வண்டிகள். சாமான் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஆனால் பழைய கார் ஊர்கோலத்தில் பத்து கார் நின்றால் அவற்றில் ஆறு இவைதான். விலையும் அடக்கமாக இருக்க வேண்டும், பார்க்கிறவர் நின்று கேட்கவும் வேண்டும் என்றால் கொஞ்சம் தள்ளித் தேட வேண்டும்.

என் முதல் தேர்வு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில், நம் மாநிலத்திலேயே செய்யப்பட்ட கார் இது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை அடிப்படையாக வைத்து 1961-இல் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலாட்டி. முதலில் இரண்டு கதவு, பிறகு 1960களின் கடைசியில் நான்கு கதவு. சின்னப் பட்டறையில் வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி குறைவு. தனி சேஸிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாயும். சாய்த்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். வண்டி சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால், டவுன் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளில் கூட ஓட்டிப் பழகலாம்.

ஹெரால்டில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி ஒரு பித்தளைக் கூட்டுக்குள் மரையாகத் திருகியிருக்கும். இதை ட்ரன்னியன் என்பார்கள். இதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், இபி 90. பல பட்டறைகளில் பழக்கத்தில் கிரீஸை அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே போன தண்ணீர் தங்கி மரை துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் அப்படியே மடங்கும். பார்க்கப் போகும் ஹெரால்டில் ட்ரன்னியன் ஓரம் கெட்டிப்பட்ட பழைய கிரீஸ் இருந்தால், அதைக் கழற்றிச் சோதிக்காமல் நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். இரண்டாவது, பின் ஆக்சில் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்வாங்கி வண்டி சறுக்கும். நிதானமாக ஓட்டுபவருக்கு இது பிரச்சினையே இல்லை. 1970களில் இதே கம்பெனி செய்த கெசலில் பின் ஆக்சிலைச் சாதாரண வகைக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் சாயும் பானெட்டும் போய்விட்டது. கெசல் இன்னும் மலிவாகக் கிடைக்கும்; அதை மதிக்கிறவர்கள் குறைவு.

ஹெரால்டுக்கான சாமான்கள் இங்கிலாந்தில் இன்றும் விற்கப்படுகின்றன. வரவழைக்கலாம், சுங்க வரியையும் கூரியர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே 1961-லேயே ஹெரால்டு 1147 சிசிக்குப் போய்விட்டது, நம் ஊர் வண்டி 948 சிசியிலேயே நின்றது. சஸ்பென்ஷன் சாமான்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். எஞ்சின் சாமான் கேட்கும்போது 948 என்று அழுத்திச் சொல்லுங்கள்.

முதல்முறை இறங்குபவருக்குப் பிரீமியர் 118என்இ-யையும் சொல்வேன். 1985-இல் வந்தது. ஃபியட் 124-இன் பெட்டி போன்ற பாடி, உள்ளே நிசானின் 1171 சிசி எஞ்சின். எஞ்சின் நெடுநாள் உழைக்கும், பாடி துருவுக்குப் பயப்படும். இன்று இதை யாரும் ஆசையாகத் தேடுவதில்லை என்பதால்தான் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் ஒரு வினோத வண்டியை யோசிக்கலாம்: 1980களில் பெங்களூரில் செய்யப்பட்ட சிபானி டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் வடிவம், ஃபைபர் பாடி, 848 சிசி அலுமினிய எஞ்சின். பாடி துருப்பிடிக்காது. உவரிக்காரருக்கும் திசையன்விளைக்காரருக்கும் அது பெரிய விஷயம். ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்புதான், அங்கே படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அலுமினிய எஞ்சின் சூடேறினால் தாங்காது. ரேடியேட்டர் சரியில்லாத டால்ஃபினைத் தொட வேண்டாம்.

மாருதியின் முதல் உருவம், அதாவது 1983 டிசம்பரில் வெளிவந்து 1986-இல் உருவம் மாறும் வரை வந்த 800, இப்போது பத்மினியைவிட அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. 796 சிசி எஞ்சின் தெரியாத மெக்கானிக் கிடையாது. குறைந்த பணமும் நிறைய ஆசையும் உள்ள இளைஞருக்கு இது நல்ல தொடக்கம். கான்டெஸா அழகான வண்டி. எடுத்தால் 1817 சிசி இசுசு எஞ்சின் உள்ளதை எடுங்கள். ஆரம்பகால அம்பாசிடர் எஞ்சின் அந்த உடம்பை இழுக்கத் திணறும். ஸ்டாண்டர்ட் 2000-ஐ மட்டும் விட்டுவிடுங்கள். ரோவரின் உடம்புக்குள் பழைய வான்கார்டு எஞ்சினை வைத்து 1985 முதல் சில ஆண்டுகளே செய்தார்கள். பாடிச் சாமான் தேடியே வயதாகிவிடும்.

எங்கே தேடுவது

நம் சீமையில் சில மைல் தள்ளிப் போனால் காற்றே வேறு. உவரி, கூடங்குளம், தூத்துக்குடி பக்கம் நின்ற வண்டி உப்புக்காற்றைக் குடித்திருக்கும். மேலே பளபளப்பாக இருந்தாலும் கதவின் அடிமடிப்பில் தகரம் பொரிந்திருக்கும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் ஈரம். கேரளத்திலிருந்து வரும் வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அங்கே மழையும் ஈரமும் அதிகம், காகித வேலையும் இரட்டிப்பு. சங்கரன்கோவில், கயத்தாறு, கோவில்பட்டி, மானூர் போன்ற வறண்ட பக்கம் வீட்டு ஷெட்டில் ஓலைக்கும் ஓட்டுக்கும் அடியில் நின்ற வண்டியைத் தேடுங்கள். ஓடாமல் நின்றதால் எஞ்சின் சுற்றாமல் இறுகியிருக்கலாம், ஆனால் தகரம் தப்பியிருக்கும். அம்பை, கல்லிடைக்குறிச்சி, பாளையங்கோட்டை வீடுகளில் டாக்டரோ வக்கீலோ வைத்திருந்த, ஒரே உரிமையாளர் கையில் இருந்த வண்டிகள் இன்னும் வெளிவருகின்றன. புரோக்கரைவிட, அந்தத் தெருவில் முப்பது வருஷமாக டிங்கரிங் பார்க்கிற அண்ணாச்சிக்குத்தான் எந்த வீட்டில் எது நிற்கிறது என்று தெரியும். போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

காகிதம்

அட்வான்ஸ் என்ற பேச்சு வரும் முன் ஆர்சியைக் கையில் வாங்குங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் புது வெல்டிங்கோ சுரண்டலோ தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எஞ்சின் எண் மாறியிருந்தால், பழைய அம்பாசிடரில் வேறு டீசல் எஞ்சின் மாட்டியிருப்பது சகஜம் என்பதால், அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறாத மாற்றம் வாங்குபவர் தலையில்தான் விழும்.

மூன்று எழுத்துப் பழைய பதிவெண் வண்டியாக இருந்தால், அது அரசின் 'வாகன்' கணினிப் பதிவில் இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் வேலை, போட வைக்க வேண்டும். அதை விற்பவர் பெயரிலேயே, விற்பவர் செலவிலேயே முடிக்கச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்ற வேண்டும். அண்ணன் தம்பி நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுத் தருவதை நம்பாதீர்கள். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-இல் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லாச் சான்று), இங்கே புதிதாக வரியும் வேண்டும். பழைய கடன் ஆர்சியில் இன்னும் நின்றால் அதை நீக்கப் படிவம் 35.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் விட்ட மாதங்களுக்குக் கூடுதல் கட்டணமும் சேரும், ஆகவே எப்போது முடிந்தது என்று தேதியைப் பார்த்து அதை விலையில் கழியுங்கள்.

டாக்ஸியாக ஓடிய அம்பாசிடர் என்றால் சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பதிவு இருக்க வேண்டும். அரசு வண்டி ஏலத்தில் கவனம் தேவை: 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டைத் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவு தொடர்வதில்லை. அப்படிக் கழிக்கப்பட்டது சாமானுக்குத்தான் ஆகும், ரோட்டுக்கு ஆகாது.

50 வயதைத் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்ததை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்கோலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாபநாசம் போக நினைப்பவர் சாதாரண ஆர்சியையே உயிரோடு வைத்திருப்பது நல்லது.

தகரம்

காலையில் போங்கள், வெயில் சாய்வாக விழும்போது பாடியின் அலையெல்லாம் தெரியும். பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ்ப்பகுதி, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி, சக்கர வளைவு, டிக்கி ஓரம் என்று மெல்ல நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் காந்தம் வெடுக்கென்று பிடிக்கும். பிடி தளர்ந்தால் நடுவில் பட்டி இருக்கிறது. காந்தம் நழுவி விழுந்தால் அங்கே தகரமே இல்லை, பட்டியும் பெயிண்டும்தான் நிற்கிறது. விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும். தகரம் கணீரென்னும், பட்டி மொத்தென்னும். இரண்டு இடத்தில் பட்டி இருப்பது குற்றமில்லை, அரை நூற்றாண்டு ரோட்டில் ஓடிய வண்டி. கதவடிப் பெட்டி நெடுக பட்டி என்றால்தான் விலகிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்துத் தூக்குங்கள். கீல் ஆடினால் சின்ன வேலை. கீலோடு சேர்ந்து தூணே அசைந்தால் உள்ளே துரு. பத்மினி, 118என்இ, மாருதி, அம்பாசிடர் எல்லாம் தனி சேஸிஸ் இல்லாதவை. அவற்றின் தரையும் அடிப்பெட்டியும்தான் முதுகெலும்பு. தரை விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். ஹெரால்டில் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளும் பின்பகுதியும் முதலில் போகும். கீழே படுக்கும்போது ஜாக்கியை நம்பவே வேண்டாம், கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை கூடுதலாக உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் ஸ்ரீவைகுண்டமும் மூழ்கின. அன்று தண்ணீரில் நின்ற பல வண்டிகள் கழுவப்பட்டு, பாலிஷ் போடப்பட்டு விற்பனைக்கு வந்தன. வெளியே ஒன்றும் தெரியாது. ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே கிண்ணத்தில் விரல் விட்டுப் பாருங்கள், பேனாவால் கோடு போட்டதுபோல வண்டல் நின்றிருக்கும். சீட்டைக் கழற்றி ஸ்பிரிங்கின் அடியையும், கதவின் உள்ளட்டைக்குப் பின்னாலும், ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையையும் பாருங்கள். கியர் பாக்ஸ் ஆயிலையும் பின் ஆக்சில் ஆயிலையும் கொஞ்சம் இறக்குங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வெள்ள வண்டி விலைக்கு, ஒயரிங் முழுக்க மாற்றும் கணக்கோடு வாங்க வேண்டும்.

கிடைக்காத சாமான்கள்

வீட்டிலிருந்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள்: முன் கிரில், பம்பர், விளக்குக் கண்ணாடிகள், முன் பின் கண்ணாடிகள், மீட்டர் கன்சோல், ஸ்டியரிங் வளையம், கதவுக் கைப்பிடி, கம்பெனி எழுத்துகள். இவை வண்டியிலேயே இருக்க வேண்டும், அல்லது டிக்கியில் சாக்கில் கட்டிக் கொடுக்கப்பட வேண்டும். "அதெல்லாம் புதுப்பேட்டையில கெடைக்கும்லா" என்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் நிறையக் கிடைக்கும்தான், ஆனால் ஹெரால்டின் பின்கண்ணாடி இன்றைக்குப் போனால் இன்றைக்குக் கிடைக்கும் பொருள் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதைவிட, உடைந்த இன்னொரு வண்டியை முழுதாகச் சாமானுக்கு வாங்குவது பல நேரம் மலிவு. டயர் அளவையும் பார்த்துவிடுங்கள்: ஹெரால்டுக்கு 13 அங்குலம், பத்மினிக்கு 14, அம்பாசிடருக்கு 15, மாருதிக்கு 12. அசல் வண்டியில் எது எப்படி இருக்கும் என்று தெரிய கோவையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்ல செலவு. எந்த மாடலுக்கு எந்த கிரில், எந்த விளக்கு என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

எஞ்சின்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். ஆறிய எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. நிற்காத வெள்ளைப் புகை ஹெட் கேஸ்கெட் போயிருப்பதைக் காட்டும். சுற்றாமல் இறுகிப் போன எஞ்சினென்றால் தள்ளியோ கட்டி இழுத்தோ ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள். பிளக்கைக் கழற்றி ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்ப்பதுதான் முறை.

பணமும் பட்டறையும்

வாங்குகிற விலை ஒரு பங்கு என்றால் வேலைக்கு இரண்டு பங்கு ஒதுக்கி வையுங்கள். கையில் ஒரு லட்சம் இருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தவர்கள் ஏராளம். தார்ப்பாய்க்குள் வேர்த்து வேர்த்தே வண்டி கெட்டுப்போகும். பட்டறையில் மொத்தமாகப் பேசி முன்பணம் கொடுக்காமல், பிரேக்குக்கு இவ்வளவு, டிங்கரிங்குக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேசி, முடித்ததற்குப் பணம் கொடுங்கள். மெக்கானிக்கின் நேரமும் உழைப்பும் மதிப்புள்ளது. பேரம் பேசும் இடம் விற்பவரிடம், வேலை செய்பவரிடம் அல்ல.

வேலையின் வரிசை

கழற்றும் முன் ஒவ்வொரு மூலையையும் செல்போனில் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள். முதலில் பிரேக். பழைய வண்டிகளில் ஒரே குழாய் அமைப்புதான், ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

அடுத்து பெட்ரோல் வழி. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் அதில் ஊறி இளகும் அல்லது விரிசல் விடும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் ஒழுகினால் தீப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டி நாள்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். டேங்க் ஓட்டையை வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுங்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால் வால்வு சீட்டுகளைக் கடின வகையாக மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்யப்பட்டவை, அது 2000-லேயே நின்றுவிட்டது.

பிறகு ஒயரிங், அதன் பின் டிங்கரிங், கடைசியில் பெயிண்ட். பெயிண்டுக்கு நம் சீமையில் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறி பெயிண்ட் வெளுத்துப்போகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் அடிக்கும் காற்று, அடைத்த ஷெட்டுக்குள்ளும் மண்ணைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். தை முதல் பங்குனி வரைதான் சரியான நேரம். அந்த மாதங்களில் பெயிண்டர் கையில் வண்டி இருக்கும்படி, மற்ற வேலைகளை ஆவணி, புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஓடத் தொடங்கியதும்

எஞ்சின் கட்டிய வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை 60-க்கு மேல் விரட்டாதீர்கள், நடுவில் 500-இல் ஆயிலை மாற்றுங்கள். சேரன்மகாதேவி வழியாக அம்பை போய்த் திரும்பும் ரோடு இதற்கு நல்லது: பெரும்பாலும் சமதளம், நெடுக ஊர்கள், நின்றால் உதவிக்கு ஆள் உண்டு. மாஞ்சோலை ஏற்றத்தையும் நான்குவழிச் சாலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீடு வந்ததும் வண்டி ஆறிய பிறகு அடியில் அட்டை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அட்டையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கும் போல்ட்டையும் சீலையும் முதலில் கவனியுங்கள். சக்கர நட்டுகளையும் ஹெட் போல்ட்டுகளையும் மெக்கானிக் சொன்ன இறுக்கத்துக்கு ஒருமுறை மறுபடி இறுக்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சியைத் தாண்டிப் பாபநாசம் வரை போய் வரலாம்.